அவர் வாங்கின கடனும் நம்ம கையெழுத்தும்



ஆண்டு விழா மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதணும்னு கூட்டமைப்பில் பேசினப்போ, சரித்திரம் மாதிரி ஏதாவது எழுதுங்கன்னு எனக்கு ஒதுக்கினாங்க. பத்தாவதோட நின்ன எனக்கு ராஜாக்கள் கதை எல்லாம் பாதி மறந்து போச்சு. ஆனா நம்ம குழுக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்விக்குள்ளேயே பெரிய சரித்திரம் இருக்கு. "வீட்டுக்காரர் வாங்கின கடனை நான் கட்டணுமா?" இதுதான் அந்தக் கேள்வி. வட்டிக்காரர் வாசல்ல வந்து நின்ன பிறகு கேட்கிறவங்களும் உண்டு. புருஷனுக்குக் காரியம் முடிஞ்ச மறு வாரமே வந்து கேட்கிறவங்களும் உண்டு.

தாலுகா சட்டப் பணிகள் குழு எங்க ஊராட்சியில் ஒரு முகாம் நடத்தினாங்க. அதுக்கு வந்த வக்கீல் அம்மாவை நான் விடாமல் கேள்வி கேட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே ரெண்டு மூணு சட்டப் புத்தகம் கொடுத்துட்டுப் போனாங்க. அவங்க சொன்னது, அதில் படிச்சது, நம்ம ஊர்ல பார்த்தது எல்லாத்தையும் சேர்த்துதான் எழுதுறேன்.

முதல்ல ரொம்பப் பழைய காலத்தைச் சொல்றேன். யாக்ஞவல்கியர் பேர்ல ஒரு தர்ம சாஸ்திரம் இருக்கு. எழுதி ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலேயே இருக்கும்னு சொல்றாங்க. சாஸ்திரம்னாலே பெண்ணை அடக்கி வைக்கிறதுக்கு எழுதினதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். பல இடத்தில் அப்படித்தான் இருக்கு. ஆனா கடன் விஷயத்தில், புருஷன் கடனையோ மகன் கடனையோ பெண் அடைக்க வேண்டியதில்லைன்னு அதில் இருக்கு. மூணு வகைக் கடனைத்தான் அவள் கட்டணும். நான் கட்டுறேன்னு தானே ஒத்துக்கிட்டது, புருஷனோட சேர்ந்து வாங்கினது, தனியா தானே வாங்கினது. இன்னிக்கு வக்கீல்கிட்டப் போய்க் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே மூணைத்தான் சொல்றாங்க. இந்த மூணையும் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அதே சாஸ்திரத்தில் இன்னொண்ணும் இருக்கு. மாடு மேய்க்கிறவர், சாராயம் விக்கிறவர், துணி வெளுக்கிறவர், கூத்தாடி, வேட்டைக்காரர் வீட்டில் மட்டும் பெண்டாட்டி வாங்கின கடனைப் புருஷன் கட்டணுமாம். ஏன்னா அந்த வீட்டுப் பிழைப்பே பெண்ணை நம்பித்தான் நடக்குதாம். பெண் உழைப்பில் வீடு ஓடுதுங்கிறது அந்தக் காலத்து ஆளுங்களுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க.

சீதனத்தைப் பத்தியும் அதில் இருக்கு. கல்யாணத்தில் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, சொந்தக்காரங்க கொடுத்தது பெண்ணுக்கே சொந்தம். ஆனா பஞ்சம், வியாதி, கட்டாயமான தர்மக் காரியம், புருஷனை யாராவது பிடிச்சு அடைச்சு வைக்கிறது, இப்படிப்பட்ட நேரத்தில் அவன் அதை எடுத்துக்கிட்டா திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லைன்னும் ஒரு சந்து விட்டு வெச்சிருக்காங்க. நம்ம பீரோவில் இருந்து நகை இறங்கிப் போறதெல்லாம் இந்தச் சந்து வழியாத்தான். கஷ்டம் தீர்ந்ததும் மீட்டுத் தர்றேன்னு சொல்லிப் போன சங்கிலி எத்தனை வீட்டில் திரும்பி வந்திருக்குன்னு அவங்கவங்க யோசிச்சுப் பாருங்க.

பெண்ணுக்குத்தான் விலக்கு, மகனுக்கு இல்லை. அப்பன் கடனை மகன் அடைக்கிறது புண்ணியக் கடமைன்னு வெச்சிருந்தாங்க. வெள்ளைக்காரன் கோர்ட்டும் அதை ஒத்துக்கிட்டு, அப்பன் கடனுக்காக மகனோட பங்கு நிலத்து மேலேயும் கை வைக்க விட்டது. 2005 செப்டம்பர் 9ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு அப்புறம் வாங்கின கடனுக்கு, அந்தப் புண்ணியக் காரணத்தை மட்டும் காட்டி மகன்மேல், பேரன்மேல் வழக்குப் போட முடியாது. உங்க பிள்ளைகிட்ட யாராவது "அப்பன் கடன் மகனைச் சேரும்"னு பேசினா இதைச் சொல்லுங்க.

இப்போ கொஞ்சம் கடல் தாண்டிப் போகணும். இங்கிலாந்தில் பெண்ணோட நிலைமை இன்னும் மோசமா இருந்திருக்கு. கல்யாணம் ஆனதும் அவள் கையில் இருந்த காசு, நகை, அவள் வேலைக்குப் போய் வாங்குற கூலி எல்லாம் சட்டப்படி புருஷனோடது. அவன் குடிச்சுக் கடனாளி ஆனா, அவள் கூலியைக் கூடக் கடன்காரன் கேட்கலாம். அங்கே பெண்கள் பல வருஷம் போராடி, 1870லயும் 1882லயும் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் வந்துச்சு. அந்த ரெண்டுக்கும் நடுவில், 1874 பிப்ரவரி 24ஆம் தேதி, இந்தியாவில் அதே பேர்ல ஒரு சட்டம் போட்டாங்க. கல்யாணம் ஆன பெண் சம்பாதிக்கிற கூலி அவளுக்கே சொந்தம்னு அதில் எழுதினாங்க. ஆனா இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களுக்குப் பொருந்தாதுன்னும் சேர்த்தே எழுதிட்டாங்க. கிறிஸ்தவப் பெண்கள் மாதிரி சில பேருக்குத்தான் அது பயன்பட்டுச்சு.

அந்தச் சட்டத்தில் 6ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. நம்ம பெண்கள் ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்க வேண்டிய பிரிவு இது. கல்யாணம் ஆன ஆண் தன் உயிர்மேல் ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து, இது என் மனைவிக்காக, இல்லேன்னா மனைவி பிள்ளைகளுக்காகன்னு பாலிசியிலேயே எழுதி வெச்சா, அந்தப் பணம் அவங்களுக்கான தனி நம்பிக்கைச் சொத்து ஆயிடும். அந்த ஏற்பாடு இருக்கிற வரைக்கும் அது அவரோட சொத்தே இல்லை. அவருக்குக் கடன் கொடுத்தவங்க அந்தப் பணத்தைத் தொட முடியாது.

இது இந்துக்களுக்கும் உண்டா இல்லையான்னு ரொம்ப நாள் வழக்கு நடந்திருக்கு. வேற இடத்துக் கோர்ட்டில் இல்லைன்னு சொன்னப்போ, நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் கூடி உட்கார்ந்த நீதிபதிகள் உண்டுன்னு சொன்னாங்க. அப்புறம் 1923இல் சட்டத்தையே திருத்தி எழுதினாங்க. இந்து, முஸ்லிம், சீக்கியர், சமணர் எடுக்கிற பாலிசிக்கும் இது பொருந்தும். சென்னையில 1913 டிசம்பர் 31க்குப் பிறகு எடுத்த பாலிசிக்கு, மத்த இடங்களில் 1923 ஏப்ரல் 1க்குப் பிறகு எடுத்த பாலிசிக்குன்னு அதில் தேதி போட்டிருக்கு. அதாவது இந்த விஷயத்தில் சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு மத்தவங்களுக்கு முன்னாடி தேதியிலேயே உரிமை கிடைச்சிருக்கு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க ஊராட்சியில் இன்சூரன்ஸ் போட்டிருக்கிற வீடு நிறைய இருக்கு, இந்தப் பிரிவுல எழுதின ஒரு பாலிசி கூட நான் பார்க்கலை.

இதை எப்படி எழுதறதுன்னு சொல்லிடுறேன். பாலிசி எடுக்கும்போதே, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி வேணும்னு ஏஜென்ட்கிட்டச் சொல்லணும். அதுக்குத் தனியா ஒரு படிவம் உண்டு. எடுத்து முடிச்ச பாலிசியில் பின்னாடி சேர்க்க முடியாது. நாமினின்னு நம்ம பேரைப் போடுறது வேற, இது வேற. இப்படி எழுதின பாலிசி மேல அவர் தன் இஷ்டத்துக்குக் கடன் வாங்கவோ, சரண்டர் பண்ணிப் பணம் எடுக்கவோ முடியாது. அதனாலேயே சில வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்காது. கடன்காரரை ஏமாத்தணும்னே எடுத்த பாலிசின்னு நிரூபிச்சா இந்தப் பாதுகாப்பு நிக்காது. அதனால கடன் கழுத்தை நெரிக்கிற வரைக்கும் காத்திருக்காமல், நல்லா இருக்கிற காலத்திலேயே எடுக்கணும்.

இனி ஜப்தியைப் பத்திச் சொல்றேன். எங்க ஆயா சொன்ன கதை இது. தாத்தா கிணறு வெட்ட நோட்டு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினார். கிணத்துல பாறை வந்துச்சு, தண்ணி வரலை. கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய் டிக்ரி வாங்கிட்டார். அமீனா வர்றார்னு தெரிஞ்சதும் ஆயா பித்தளைத் தவலையையும் குத்துவிளக்கையும் பக்கத்து வீட்டு வைக்கோல் போருக்குள்ளே ஒளிச்சு வெச்சாங்களாம். சோறு ஆக்குற அண்டாவை ஒளிக்க நேரம் இல்லை, அடுப்பில் இருந்துச்சு. களியோட இருந்த அண்டாவை அப்படியே கவுத்துட்டு எடுத்துட்டுப் போனாங்கன்னு ஆயா சாகுற வரைக்கும் சொல்லுவாங்க. அண்டா போனதை விட, களி தரையில் கொட்டினதுதான் அவங்களுக்கு ஆறலை.

நான் இப்போ புத்தகத்தில் பார்க்கிறேன். 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவில், கடனாளியும் அவர் மனைவி மக்களும் உடுத்த அவசியமான துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை இதெல்லாம் ஜப்தி பண்ணக் கூடாதுன்னு இருக்கு. மத வழக்கப்படி பெண் உடம்பை விட்டுக் கழட்டக் கூடாத நகையையும் தொடக் கூடாது. நம்ம தாலி அதில் வரும். விவசாயின்னா ஏர் கலப்பை, அவசியமான மாடு, விதை தானியம் இதுக்கும் பாதுகாப்பு உண்டு. அதே சட்டத்தின் 56ஆவது பிரிவில், பணம் கட்டச் சொல்லிப் போட்ட டிக்ரிக்காக எந்தப் பெண்ணையும் கைது பண்ணிச் சிவில் ஜெயிலில் வைக்கக் கூடாதுன்னும் இருக்கு. ஆயாவோட அண்டா போனது இந்தச் சட்டம் வந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆன பிறகு. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலை. தெரிஞ்ச ஒருத்தர் இருந்திருந்தாலும், அவர் கடன் கொடுத்தவர் பக்கம்தான் நின்னிருப்பார்.

கடன்ல இருந்து தப்பிக்கணும்னா கையில நமக்குன்னு ஏதாவது இருக்கணும் இல்லையா? அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாச் சொல்லிடுறேன், நம்ம கூட்டங்களில் பல தடவை கேட்டதுதான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெரியார் தலைமையில் இருந்தவங்க, பெண்ணுக்கும் ஆணைப் போலவே சொத்துரிமை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. 1937இல் விதவைக்குப் புருஷன் பங்கு கிடைக்கச் சட்டம் வந்துச்சு. ஆனா ஆயுசு வரைக்கும் அனுபவிக்கலாம், இஷ்டப்படி விக்க முடியாது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து, பெண் கையில் இருக்கிற சொத்துக்கு அவளே முழு முதலாளின்னு சொல்லிச்சு. 1989 மார்ச் 25ஆம் தேதியில் இருந்து தமிழ்நாட்டில் மகளுக்கும் மகனைப் போலப் பூர்வீகச் சொத்தில் பங்கு. அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அதில் இடம் இல்லை. அந்தக் குறையை 2005 சட்டம் தீர்த்துச்சு. சீதனம் மனைவிக்கே முழுச் சொந்தம், புருஷன் கையில் இருந்தாலும் அவர் வெறும் காவல்காரர்தான்னு 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கு. நகைக்கடை ரசீது உங்க பேர்ல இருக்கட்டும், அடகுச் சீட்டு யார் பேர்ல போடுறாங்கன்னும் பாருங்க. அவர் பேர்ல அடகு வெச்ச நகை நம்மளோடதுன்னு அப்புறம் நிரூபிக்கிறது லேசு இல்லை.

அந்த 1989ஐ நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். மார்ச் 25இல் மகளுக்குச் சொத்து வந்துச்சு. அதே வருஷம்தான் நம்ம தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில் மகளிர் குழுக்களை ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டில் நம்ம குழுக்களுக்கெல்லாம் பிள்ளையார் சுழி அங்கேதான். பின்னாடி மகளிர் திட்டம்னு எல்லா மாவட்டத்துக்கும் போச்சு. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை பேங்க்கோட இணைக்க ஆரம்பிச்சுச்சு. அதே 1989 ஏப்ரல் 1இல் இன்னொண்ணும் வந்துச்சு. பணம் இல்லாமல் திரும்பின செக்குக்காக ஜெயிலுக்கு அனுப்பலாம்கிற 138ஆவது பிரிவு. சொத்து, குழு, செக் வழக்கு மூணும் ஒரே வருஷத்தில் வந்திருக்கு. பெண்ணுக்குச் சொத்தும் வந்துச்சு, பேங்க் கணக்கும் வந்துச்சு, கையெழுத்துக்கு மதிப்பும் வந்துச்சு. மதிப்பு வந்த பிறகு அந்தக் கையெழுத்தைத் தேடி ஆளும் வந்தாங்க.

எங்க ஆயா காலத்தில் கடன்காரருக்கு ஆயா கையெழுத்து தேவைப்படலை. தாத்தா கைநாட்டு போதும். அதனால கடன் தாத்தாவோடது, துன்பம்தான் ரெண்டு பேருக்கும். இன்னிக்கு ஆணுக்குக் கடன் கொடுக்க யோசிக்கிறவங்க, பெண்ணுக்குன்னா வீடு தேடி வந்து கொடுக்கிறாங்க. பெண் ஒழுங்காக் கட்டுவாள்னு தெரியும். அதனால வீட்டுக்காரருக்கு வேண்டிய பணமும் நம்ம பேர்லதான் வருது. அவர் வண்டிக்கு, அவர் பழைய வட்டிக்கு, பெங்களூரில் அவர் எடுத்த மேஸ்திரி வேலை அட்வான்சுக்குன்னு நம்ம பேர்ல லோன் எடுக்கிறோம். சட்டத்துக்கு அது அவர் கடன் இல்லை, நம்ம கடன். அந்தப் பழைய சாஸ்திரம் சொன்ன மூணாவது வகை. பணத்தை யார் செலவு பண்ணினாங்கன்னு கடன் கொடுத்தவர் பார்க்க மாட்டார். "அவர்தானே வாங்கினார்"னு நாம சொல்றது வீட்டுக்குள்ளே நியாயமா இருக்கலாம், பேப்பரில் நிக்காது.

ரெண்டாவது வகைதான் இப்போ அதிகம். பக்கத்து ஊர்ல நடந்ததைச் சொல்றேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ எடுத்தார். "சும்மா சாட்சிக் கையெழுத்துதாம்மா"ன்னு சொல்லி அந்த அக்காகிட்ட பத்து இடத்தில் கையெழுத்து வாங்கினாங்க. ஏழு தவணை கட்டினதும் ஆட்டோ விபத்தாச்சு, அவர் படுத்துட்டார். நோட்டீஸ் வந்தப்போ பார்த்தா, அக்கா பேருக்கு மேலே அச்சடிச்சிருக்கிறது சாட்சின்னு இல்லை, ஜாமீன்தாரர்னு இருக்கு. சாட்சி போட்டவர் கடனுக்குப் பொறுப்பு இல்லை. ஜாமீன்தாரர் அப்படி இல்லை. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவுப்படி, வேற மாதிரி ஒப்பந்தம் எழுதலைன்னா, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதல்ல அவரைக் கேட்டுட்டு அப்புறம்தான் உங்ககிட்ட வரணும்னு கூட இல்லை. இணைக் கடன்தாரர்னு இருந்தா இன்னும் நேரடி, ரெண்டு பேரும் வாங்கின கடன் அது.

அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, கோட்டுக்கு மேலேயும் கீழேயும் என்ன வார்த்தை இருக்குன்னு பாருங்க. கடன்தாரர், இணைக் கடன்தாரர், ஜாமீன்தாரர், சாட்சி, இந்த நாலில் ஒண்ணு இருக்கும். இங்கிலீஷில் இருந்தா படிக்கத் தெரிஞ்ச பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்க. காத்திருக்க முடியாதுன்னு அவங்க சொன்னா, அந்தப் பேப்பரும் காத்திருக்கட்டும்.

செக் விஷயம் இன்னும் கவனம். நிரப்பாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு. உங்க கணக்குச் செக்கை அவர் கடனுக்காகக் கொடுத்தாலும், திரும்பினா வழக்கு உங்க மேலதான். அடுத்தவர் கடனுக்காகக் கொடுத்த செக்கும் இந்தப் பிரிவில் வரும்னு தீர்ப்பு இருக்கு. பெண்ணைக் கடனுக்காக ஜெயிலில் வைக்கக் கூடாதுன்னு மேலே சொன்னேன், அது செக் வழக்குக்குப் பொருந்தாது. இதில் ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. அதே சமயம், புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கிற ஜாயின்ட் கணக்கில் அவர் மட்டும் கையெழுத்துப் போட்ட செக் திரும்பினா, கையெழுத்துப் போடாத மனைவி மேல இந்த வழக்குப் போட முடியாதுன்னு 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. செக் புக்கை அவர் கையில் கொடுத்திருந்தாலும் கையெழுத்தைக் கொடுக்காதீங்க.

அப்புறம், புருஷன் இறந்த வீடு. அந்த நேரத்தில்தான் ரொம்ப ஏமாறுறோம். துக்கம் கேட்க வந்த கூட்டத்திலேயே ஒருத்தர் நோட்டை எடுத்துக் காட்டுவார். சட்டம் இதுதான்: இறந்தவர் விட்டுட்டுப் போன சொத்து நம்ம கைக்கு எவ்வளவு வந்துச்சோ, அந்த அளவுக்குத்தான் அவர் கடனுக்கு நாம பதில் சொல்லணும். ஒரு ஏக்கர் வந்தா அந்த ஒரு ஏக்கர் மதிப்பு வரைக்கும். ஒண்ணுமே வரலைன்னா ஒண்ணும் இல்லை. நம்ம அம்மா வீட்டு நிலம், நம்ம நகை, நம்ம கூலி, குழுவில் நம்ம சேமிப்பு இதுக்கெல்லாம் அவங்க வர முடியாது. அதனாலதான் "உங்க பேருக்கு நோட்டை மாத்திக் கொடுத்துடுங்கம்மா, மெதுவாக் கட்டுங்க"ன்னு தன்மையாக் கேட்பாங்க. மாத்தி எழுதினா அது அந்த முதல் வகை, நானே கட்டுறேன்னு ஒத்துக்கிட்ட கடன். அன்னிக்கு வரைக்கும் அவங்களுக்கு இல்லாத வழக்கை நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். கட்டணும்னு மனசாட்சி சொன்னாக் கட்டுங்க, அது உங்க இஷ்டம். அதுக்குப் புது நோட்டு எழுத வேண்டியதில்லை, கட்டுற பணத்துக்கு ரசீது வாங்கினால் போதும்.

வீட்டை மனைவி பேருக்கு எழுதி வைக்கிறதைப் பத்தியும் நிறையப் பேர் கேட்கிறாங்க. கடன் தலைக்கு மேல போன பிறகு, கடன்காரருக்குக் கிடைக்கக் கூடாதுன்னே எழுதினா, 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 53ஆவது பிரிவுப்படி கோர்ட்டில் அதை ரத்து பண்ண வைக்கலாம். முன்னாடியே, நம்ம சம்பாத்தியத்தில் நம்ம பேர்ல வாங்கினது நிலைச்சு நிக்கும். 2025 ஏப்ரல் 1இல் இருந்து 10 லட்சம் ரூபாய் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பெண் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மனை வாங்குறவங்க இதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்க. பாசத்துக்கு மசியாதவங்க கூட காசு மிச்சம்னா யோசிப்பாங்க.

வசூலுக்கு வர்றவங்களுக்கும் சட்டம் இருக்கு. தமிழ்நாட்டில் 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு நம்ம ஊர்ப் பேரிலேயே எழுதியிருக்காங்க. 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 30,000 ரூபாய் வரைக்கும் அபராதம். நுண்நிதி லோனுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1இல் இருந்து புது விதி கொண்டு வந்திருக்கு. காலை 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலேயும் வசூலுக்கு வரக் கூடாது. குடும்பத்தோட மாச வருமானத்தில் பாதிக்கு மேல தவணைக்கே போற மாதிரி லோன் கொடுக்கக் கூடாது. இந்தக் கணக்கில் புருஷன், பெண்டாட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள் எல்லாரும் ஒரே குடும்பம். அவர் பேர்ல இருக்கிற தவணையும் சேரும். அதை மறைச்சு நம்ம பேர்ல இன்னொரு லோன் வாங்கினா, அந்தப் பாதிக் கணக்கே நமக்கு உதவாமல் போயிடும்.

நோட்டீஸ் வந்தா பயந்து மடிச்சு வைக்காதீங்க. 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்று கூடத் தேவையில்லை. கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கும். போன் நம்பர் 15100.

லோடு ஆட்டோ அக்காவுக்கு அப்படித்தான் வக்கீல் கிடைச்சாங்க. ஜாமீன் கையெழுத்து இருக்கிறதால கடன் இல்லைன்னு சொல்ல முடியலை. ஆனா வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததைக் கண்டுபிடிச்சு அந்தப் பணத்தைக் கடனில் வரவு வைக்க வெச்சாங்க. மீதியை லோக் அதாலத்தில் பேசி, அபராத வட்டியைக் கழிச்சு, 24 தவணையாப் பிரிச்சுக் கொடுத்தாங்க. போன மாசம் ஒன்பதாவது தவணை கட்டியிருக்காங்க. அவங்க குழுவில் இப்போ தீர்மான நோட்டில் கூடுதலா ஒரு கட்டம் போட்டிருக்காங்க. லோன் யார் பேரில்னு ஏற்கெனவே இருந்துச்சு, பக்கத்தில் பணம் யார் கைக்குப் போச்சுன்னு ஒரு கட்டம். முதல் மாசம் அந்தக் கட்டத்தை நிரப்ப எல்லாரும் கூச்சப்பட்டாங்களாம். இப்போ ரெண்டு வீட்டுக்காரர்கள் அந்தக் கட்டத்தில் தாங்களே வந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க.